அஞ்சாம் நம்பர் ரூமுக்கு மேலே ஆறு பலூன்கள்

வெயிலுகந்தபுரத்துப் பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், அஞ்சாம் நம்பர் ரூம் வெடித்த அன்றைக்கு எழும்பின புகை, ஊர் அதுவரை பார்த்த வெடிப்புகை மாதிரி மேற்கே போய்க் கலையாமல், இடிந்த ரூமுக்கு மேலே பனை உயரத்தில் அப்படியே நின்றுகொண்டது. நின்றதோடு விட்டதா, விடிந்து பால்காரர் பார்க்கும்போது ஆறு துண்டாகப் பிரிந்து, துண்டுக்கு ஒரு கறுப்புக் கரை, கரைக்குக் கீழே ஒரு வால் என்று, ஆறு பேச்சு பலூன்களாகக் கரிசல்காட்டு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. படக்கதைப் புத்தகத்தில் ஆள் பேசினால் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு அதற்குள் எழுதியிருப்பார்களே, அந்த பலூன்தான். ஆனால் ஒன்றிலும் எழுத்து இல்லை. ஆறும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

ஊர் இதற்கெல்லாம் அசந்துவிடவில்லை. வருஷத்துக்கு ஒரு ரூம் வெடிக்கிற ஊர், வேலியில் சேலைத்துணியும் வேப்பமரத்தில் செருப்பும் தொங்கப் பார்த்த ஊர், ஆறு பலூனைப் பார்த்தா வாயைப் பிளக்கப் போகிறது? முதல் நாள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஆடுகள் கண்டுபிடித்தன, பலூனுக்கு நிழல் விழுகிறதென்று. ஆடு படுத்த இடத்தில் ஆள் படுக்காமல் இருப்பானா, பொட்டல்காட்டில் நிழல் என்ன சும்மாவா கிடைக்கிறது, கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு நிழல் நகர நகர நகர்ந்தார்கள். எட்டாம் நாள் டீக்கடைக்காரர் பெஞ்சை அங்கே கொண்டுபோய்ப் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, பலூன் நிற்பது புறம்போக்குக்கு மேலேயா பட்டா நிலத்துக்கு மேலேயா என்று டேப் பிடித்து அளந்து, வானத்துக்கு சர்வே நம்பர் இல்லாததால் பென்சிலால் குறித்துக்கொண்டு போனார். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் பீய்ச்சியது. அது சேம்பிலையில் விழுந்த தண்ணீராக உருண்டு ஆடுகள் மேல் கொட்டியது. ஒரு கட்சிக்காரர்கள் ஏணி போட்டு ஏறித் தலைவர் பெயரை எழுதினார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் அதற்கு மேலே தங்கள் தலைவர் பெயரை எழுதினார்கள், ரெண்டு பெயிண்டும் நிற்காமல் வழிந்து அவரவர் வெள்ளைச் சட்டையிலேயே இறங்கியது. அந்த மாசத்தில் ஊர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செத்தது அஞ்சு பேர். அஞ்சு பேரும் பொம்பளைகள். பலூன் மட்டும் ஆறு. இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சங்கரேஸ்வரிக்குப் பலூன் புதுசு இல்லை. டவுனில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவள், கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பாப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிக்குமே, அந்தப் பாப்பா அவள் கையில் பிறந்ததுதான், அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு, சென்னையிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் படக்கதை போட்டாள். கதையின் பெயர் 'வெடிவாயி'. பயராபீஸில் வேலை பார்க்கிற ஒரு பொம்பளை, வாயைத் திறந்தால் மூடமாட்டாள், போர்மேனையும் கேட்பாள், பூசாரியையும் கேட்பாள். வெடிவாயி யார் என்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சங்கரேஸ்வரியின் அக்கா குருவம்மாதான். அஞ்சாம் நம்பர் ரூமில் வெந்துபோன அஞ்சு பேரில் ஒருத்தி.

படம் போட சங்கரேஸ்வரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தக் காலேஜும் அவளைப் பார்த்ததில்லை, அவளுடைய காலேஜ் கழிவுத்தாள். பட்டாசுக் குழாய் உருட்ட வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாகப் பழைய தாள் போடுவார்கள், அதில் பாதி, அதே டவுனில் அச்சாகி விற்காமல் போன படக்கதைப் புத்தகங்கள், நீளநீளமாக வெட்டினது. அம்மா இல்லாத வீட்டில் ஒம்பது வயசு மூத்தவள் குருவம்மா, எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவள், உருட்டுகிற கையை நிறுத்திவிட்டு, "ஏய், இங்க பாரு, இந்தத் தொப்பிக்காரன் ஏன் ஓடுறான்?" என்பாள். ஏன் ஓடுகிறான் என்பது வேறொரு துண்டில் இருக்கும், அந்தத் துண்டு ஏற்கெனவே உருண்டு குழாயாகியிருக்கும். "கதையோட மிச்சம் எவன் வீட்டு வாசல்லயோ வெடிக்கும்டி, நாம இங்கயே முடிச்சுக்குவோம்" என்று அக்கா தானாக ஒரு முடிவு சொல்வாள், அதில் தொப்பிக்காரன் கட்டாயம் அடி வாங்குவான். தீபாவளிக்கு மறுநாள் டவுன் தெருக்களில் சிதறிக் கிடக்கும் கருகல் துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஒரு துண்டில் கை, ஒரு துண்டில் துப்பாக்கி, ஒரு துண்டில் பாதி பலூன் என்று தரையில் பரப்பி, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்து யோசித்தே சங்கரேஸ்வரி படித்தாள். ரெண்டு கட்டத்துக்கு நடுவில் வரையாமல் விட்டதைத்தான் வாசிக்கிறவன் வரைகிறான், கதை அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு எட்டு வயசிலேயே தெரியும். அந்தப் புத்தகங்களில் வந்தவர்கள் எல்லாம் குதிரைக்காரர்கள், கோட்டுக்காரர்கள், காட்டு ராஜாக்கள். ஒருநாள் குருவம்மா கேட்டாள்: "இம்புட்டுப் பேரு வாராகளே, குழாய் உருட்டுறவ ஒருத்திகூட ஏன்டி வரல?" அந்தக் கேள்விக்குத்தான் சங்கரேஸ்வரி இருபது வருஷமாக வரைந்துகொண்டிருந்தாள்.

அந்தக் குருவம்மாவைக் கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். உராய்வு. எந்த ரூம் வெடித்தாலும் அறிக்கை எழுதுகிற அதிகாரிகளுக்கு அந்த ஒரு வார்த்தைதான், ஏதோ பேய் பெயர் மாதிரி, யார் உரசினது, எதை உரசினது, ஏன் உரசினது ஒன்றும் கிடையாது, உராய்வு என்று எழுதி முத்திரை குத்தினால் தீர்ந்தது. இந்தத் தடவை அதோடும் விடவில்லை. 'ரூமில் விதிப்படி நான்கு பேர் மட்டுமே இருந்தனர், ஒருவர் வாசலில் நின்றார், கதவு திறந்திருந்தது, குருவம்மாள் என்பவர் வெடிமருந்தை அவசரமாக இடித்துச் செலுத்தியதால் ஏற்பட்ட உராய்வே காரணம்' என்று முதல் அறிக்கை வந்தது. உயிர் தப்பின நாலு பேர் பக்கத்து ரூமில் இருந்ததாக எழுதியிருந்தார்கள். அந்த நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரியில் முகமெல்லாம் கட்டோடு, பேச வாய் இல்லாமல் கிடந்தார்கள். திங்கட்கிழமை தாசில்தார் வந்து விசாரித்துக் கையெழுத்துப் போட்டால் அதுதான் கடைசி.

ஊர் எதை நம்பும்? முத்திரை குத்தினதைத்தான் நம்பும். செத்துப்போன மாடத்தியின் புருஷன் இருளப்பன் வந்து சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார். "உங்கக்கா கை அரிப்புக்கு எம்பொண்டாட்டி போனாளே! அஞ்சு பேரைத் தின்னவ வீடு விளங்குமா?" என்று வயிறெரிந்து கத்தினார். குருவம்மாவின் பதினாறாம் நாளுக்கு ஒருத்தர் வரவில்லை. ஆக்கி வைத்த சோறு அத்தனையும் காக்காய்க்குப் போனது.

மறுநாள் சங்கரேஸ்வரி பலூனுக்குக் கீழே டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"திரும்பாட்டி போங்க, காது கேட்கும்ல," என்றாள். "இருபது வருசமா நான் செய்யிற வேலை இது. மேல பாருங்க. படக்கதையில எந்த பலூன் உசரத்துல இருக்கோ அவதான் முதல்ல பேசுனவ. அதுக்குக் கீழ இருக்கிறது பதில். எல்லாத்துக்கும் மேல இருக்கே, அது எங்கக்கா நின்ன இடத்துக்கு மேல இருக்கு, வாலு அங்கதான் போகுது. அதோட கரையப் பாருங்க, முள்ளு முள்ளா இருக்கா? கத்துனாத்தான் முள்ளுக்கரை போடுவோம். வெடிக்கிறதுக்கு முன்னாடி எங்கக்கா கத்திருக்கா. தப்புப் பண்ணுறவளா கத்துவா?"

இருளப்பன் அண்ணாந்து பார்த்தார். மாடத்தி நின்ற இடத்துக்கு மேலே இருந்தது மேகம் மாதிரி சுருள் சுருளாக இருந்தது, வாலுக்குப் பதில் சின்னச் சின்ன உருண்டைகள் இறங்கின.

"அப்ப இது?"

"அது பேசல மாமா. மனசுக்குள்ள நெனச்சது."

அவர் முகம் என்னமோ செய்தது. உடனே கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "சரி, கத்துனா. என்னன்னு கத்துனா? 'ஐயோ தெரியாமப் பண்ணிட்டேனே'ன்னு கத்தியிருந்தா? வெறும் வெள்ளையில்ல இருக்கு! எழுத்தில்லாத பலூனை வச்சு நாக்கு வழிக்கவா?"

 எழுத்தில்லாத பலூன் அச்சாகி வந்தால் சங்கரேஸ்வரியே அப்படித்தான் திட்டுவாள்.

"அந்த ரெண்டாவது பலூனு யாருது?" என்று டீக்கடைக்காரர் மெல்லக் கேட்டார். கேட்டுவிட்டு கிளாசைக் கழுவப் போய்விட்டார். ஏனென்றால் அந்த பலூனின் வால் ரூமுக்குள் போகவில்லை. அது பயராபீஸ் கேட்டைத் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, போர்மேன் பால்ச்சாமி எங்கே இருக்கிறாரோ அங்கே போனது.

பால்ச்சாமி பட்ட பாட்டைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். வெடித்த நேரத்தில் தான் சாப்பிடப் போயிருந்ததாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார்; வாலுக்கு அது தெரியவில்லை. கம்மாய்க்குப் போனால் கம்மாய்க்கு வந்தது, கோயிலுக்குப் போனால் சந்நிதி வரைக்கும் வந்தது, மாமியார் ஊருக்கு பஸ் ஏறினால் பஸ் கூரைக்கு மேலே நீண்டுகொண்டே வந்தது, கண்டக்டர் இறங்கிப் பார்த்து, "லக்கேஜ் இருக்கா அண்ணாச்சி?" என்றார். அரிவாளால் வெட்டினார், வெட்ட வெட்ட வளர்ந்தது. போகிற வழியில் பொம்பளைகள் அதில் ஈரச்சேலையைக் காயப்போட்டார்கள், அவர் நடக்கும்போது ஊர்ச்சேலையெல்லாம் கூடவே நடந்தது. எல்லாவற்றையும் விடக் கொடுமை, வால் உள்ளே இருப்பதால் அவர் வீட்டுக் கதவு மூடவில்லை. எப்படிச் சாத்தினாலும் ஒரு சாண் திறந்தே நின்றது. நாய் வந்தது, பூனை வந்தது, போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்தான். "கதவைக்கூடப் பூட்ட முடியாத வீட்ல எப்பிடி இருக்கிறது?" என்று அவர் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பயராபீஸ் முதலாளி காரில் வந்து இறங்கி, சங்கரேஸ்வரி வீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினார். கோபப்படாத மனுஷர், பக்தி உள்ளவர், நெற்றியில் எப்போதும் திருநீறு.

"ஏம்மா, நம்ம லேபிள்ல சிரிக்கிற பாப்பா நீ போட்டதுதானே? லட்சணமான கை. அந்தக் கையால ஒரு உபகாரம் பண்ணு. தீபாவளி நெருங்குது, அந்த சனியன் தலைக்கு மேல தொங்குறவரைக்கும் அதிகாரி பிடுங்கி வச்ச லைசென்ஸைத் திருப்பித் தர மாட்டேங்கான். மத்தவன் எழுதினா வழியுது. நீ தொழில்காரி, நீ எழுதினா நிக்கும். ஆறு பலூன்லயும் ஒரே வார்த்தை எழுது. விதி."

"விதியா?"

"ரெண்டே எழுத்து. எழுதிட்டா, திங்கக்கிழமை அறிக்கையில உங்கக்கா பேரை எடுக்கச் சொல்லிடுதேன். யாரும் காரணமில்ல, விதின்னு போட்டுக்குவாங்க. எழுதலேன்னா அவ பேரு நிக்கும். நல்லா யோசி."

சங்கரேஸ்வரிக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. அஞ்சு உயிரை ரெண்டு எழுத்துக்குள் அடைக்கச் சொல்கிறான், அதற்கும் என் கையையே கேட்கிறான், பாவி! ஆனாலும், அக்கா பெயர் போய்விடும் என்றானே, அந்த இடத்தில் அவள் மனசு ஒரு நிமிஷம் நின்றது. நின்றதற்காகத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. "தெருவிளக்கு மாட்டுற ஏணிவண்டியை அனுப்புங்க, ஏறிப் பார்க்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏணிவண்டி வந்தது. மசியும் பிரஷும் எடுத்துக்கொண்டு அவள் ஏறினாள், கீழே ஊரே நின்றது, முதலாளியும் காருக்குள்ளிருந்து பார்த்தார். அக்காவின் பலூனுக்குப் பக்கத்தில் போனதும் முதலில் வந்தது வாசனைதான். கந்தக வாசனை இல்லை. சுண்ணாம்பும் பசையும் கலந்த வாசனை. இந்த வாசனையை எனக்குத் தெரியுமே என்று நினைத்தபடி விரலால் தொட்டாள், நகத்தால் சுரண்டினாள். வெள்ளைத்தூள் நகத்துக்குள் ஏறியது. சுரண்டின இடத்தில், விரல்கடை அளவுக்குக் கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. 'பூ' என்ற எழுத்தின் வால். சேவல் வால் மாதிரி மேலே தூக்கிச் சுழித்தது. அப்படி எழுதுகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான், பத்திரிகை ஆசிரியர் இருபது வருஷமாக அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

பலூன் வெறுமையாக இல்லை. வெள்ளையடித்து மூடியிருந்தது. அடித்தது அவளேதான்.

எதுவும் எழுதாமல் அவள் இறங்கினாள். வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்து, பத்திரிகைக்குப் போய்த் திரும்பி வந்ததிலிருந்து தொடாமல் வைத்திருந்த தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒப்பாரி வைக்காமல், சத்தம் வராமல், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நடந்தது இதுதான். வெடிப்பதற்கு ஒரு மாசம் முன்னால் குருவம்மா வந்து, "ஏய் சங்கரி, இந்த வாரம் வெடிவாயி இதைப் பேசணும்டி" என்றாள். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் ஒம்பது பேரைப் போட்டு வேலை வாங்குகிறார்கள். இன்ஸ்பெக்ஷன் ஜீப் வருகிறதென்று தெரிந்தால் போர்மேன் ஒம்பது பேரையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவார், பூட்டின ரூமில் ஆள் இல்லை என்று ஜீப் போய்விடும், போனபிறகு திறப்பார். உச்சிவெயில், மருந்து கிடந்து காயும், உள்ளே மூச்சுமுட்டும். வாரம் ஒருதடவை இது நடக்கிறது. "நான் என்ன சொல்லுதேனோ அதை அப்பிடியே எழுது, ஒண்ணும் சேர்க்காத, ஒண்ணும் குறைக்காத" என்றாள். அப்படியே எழுதினாள். மேலே முள்ளுக்கரை பலூனில் வெடிவாயி கேட்பது, கீழே வட்ட பலூனில் போர்மேன் சொல்கிற பதில்.

ஆசிரியர் போன் செய்தார். "படம் அட்டகாசம் சங்கரி. அந்த ரெண்டு பலூனை மட்டும் மாத்திக் குடுத்துருங்க. தீபாவளி மலர், நாலு பக்கம் பட்டாசு விளம்பரம் வந்திருக்கு. அழுகையெல்லாம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

யாரும் அவள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று அவளும் நினைத்தாள். பிழையை மூடுகிற வெள்ளை மசியை எடுத்து ரெண்டு பலூனையும் மூடி, காய்ந்ததும், மேலே இருந்ததில் 'தீபாவளி நல்வாழ்த்துகள்!' என்றும் கீழே இருந்ததில் 'உங்களுக்கும்!' என்றும் எழுதினாள். மலர் வந்தது. குருவம்மா அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, "நான் சொன்னத எழுதிட்டியாடி?" என்று கேட்டாள். "எழுதிட்டேங்கா" என்றாள் இவள். அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தூக்குவாளிப் பையில் வைத்துக்கொண்டு, குருவம்மா ரூம் ரூமாகப் போய்க் காட்டினாள், "பாத்துக்கோங்க, பத்திரிகையில போட்டாச்சு, இனிமே பூட்டுவானா?" என்று. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்ல மனசு வராமல் திருப்பிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை தாசில்தார் ஜீப்பில் வந்தார். பலூன் நிழலில் மேஜை போட்டு, விரிப்பு போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். முதலாளி ஒரு பக்கம், மூடாத கதவை விட்டு வந்த பால்ச்சாமி வாலோடு ஒரு பக்கம். தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

"குருவம்மாள் தரப்பில யாராவது இருக்கீங்களா? ஏதாவது சொல்லணுமா?"

"சொல்ல ஒண்ணுமில்ல சார். சுரண்டணும்," என்றாள் சங்கரேஸ்வரி. "வெடிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எங்கக்கா சொல்ல நான் எழுதி, நானே மூடுனது."

மேஜைக்கு முன்னால் மண்தரையில் உட்கார்ந்து தாளை முழங்காலில் விரித்து, பிளேடை எடுத்தாள். முதலில் நல்வாழ்த்தைச் சுரண்டினாள், பிறகு அதற்குக் கீழே இருந்த வெள்ளையை. தாளில் பிளேடு போகப் போக, மேலே முள்ளுக்கரை பலூனிலிருந்து வெள்ளைத்தூள் உதிர ஆரம்பித்தது. அறிக்கை மேல் உதிர்ந்தது, இளநீருக்குள் உதிர்ந்தது, முதலாளியின் திருநீற்றின் மேல் உதிர்ந்தது, மாசி மாசத்துப் பனி மாதிரி எல்லோர் தலையிலும் இறங்கியது. ஆடுகள் தும்மிக்கொண்டு எழுந்து ஓடின.

மேலே எழுத்து தெரிந்தது. வீட்டுச் சுவர் உயரத்துக்கு ஒவ்வொரு எழுத்து.

யாரும் வாசிக்கவில்லை. கடைசியில் இருளப்பன்தான், மண் தூற்றின அதே இருளப்பன், கையைக் கண்ணுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்.

"அண்ணே, பூட்டாத. உள்ள ஒம்பது பேரு இருக்கோம்."

சங்கரேஸ்வரி தலையைத் தூக்கவில்லை. கீழ் பலூனைச் சுரண்டினாள். 'உங்களுக்கும்' போனது. வெள்ளை போனது. பால்ச்சாமியின் வால் கயிறு மாதிரி விறைத்தது.

"ஜீப்பு போகட்டும்," என்று வாசித்தார் இருளப்பன்.

ஊர் வாலைப் பிடித்துக்கொண்டே பார்வையை இறக்கிக் கொண்டுவந்து பால்ச்சாமி முகத்தில் நிறுத்தியது. "முதலாளி சொல்லாம நான் பூட்டுவேனா?" என்று அவர் அலறினார். முதலாளி காரைத் தேடினார், கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளை அப்பியிருந்தது.

தாசில்தார் எழுந்தார். அறிக்கையைத் தட்டி மடக்கினார். "இது வெடிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னால எழுதினதும்மா. வெடிச்ச அன்னைக்கு இதையேதான் சொன்னாங்கன்னு எப்படி எடுத்துக்கிறது?"

சங்கரேஸ்வரி அப்போதுதான் நிமிர்ந்தாள். "வாரா வாரம் பூட்டுனா வாரா வாரம் சொல்லியிருக்கா சார். பூட்டுன கதவுக்கு உள்ள நின்னு வேற என்னத்தச் சொல்லுவா, தீபாவளி நல்வாழ்த்துகள்னா சொல்லுவா? அன்னைக்கு யாரு ஜீப்பு வந்துச்சு? அதச் சொல்லுங்க. எங்கக்காவ உள்ள பூட்டிட்டு யாரு ஜீப்பு போறதுக்காகக் காத்திருந்தாக?"

தாசில்தார் ஜீப்பைப் பார்த்து நடந்தார். "வண்டிய எடு" என்றார் டிரைவரிடம்.

டிரைவர் சாவியைத் திருகினான். அதற்குள் செத்தவர்களின் அம்மாக்களும் மாமியார்களும் மகள்களும், குருவம்மாவின் பதினாறாம் நாளுக்கு வராத அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே போய் ஜீப்புக்கு முன்னாலும் பின்னாலும் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். இருளப்பன் பயராபீஸ் கேட்டைச் சாத்தி, கருகின ரூம் இடிபாட்டில் கிடந்து இத்தனை நாளும் ஒருத்தரும் எடுக்காத பூட்டை, கதவு எரிந்தும் திறக்காமல் பூட்டினபடியே கிடந்த அந்தப் பூட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"அன்னைக்கு ஜீப்பு போகட்டும்னு எங்க பொம்பளைக காத்திருந்தாக," என்றார். "இன்னைக்கு ஜீப்பு இருக்கட்டும்."

பிறகு சங்கரேஸ்வரி பக்கம் வந்து நின்றார்.  மாடத்தியின் சுருள் பலூனைக் கை காட்டி, "இதையும் சுரண்டிக் குடு தாயீ" என்றார்.

"என்னால ஆகாது மாமா. நான் மூடுனது எங்கக்கா சொன்னத. இத நான் மூடல."

 "எங்கிட்டதான் சொன்னா," என்றார் இருளப்பன். "பூட்டுறாக, பயமா இருக்குன்னு. வாயப் பொத்திக்கிட்டு வேலைக்குப் போ, சும்மா கெடைக்குமா வேலைன்னு நாந்தான்..." வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே ஒருத்தர் அரிவாளோடும், ஒருத்தர் கொத்துக்கரண்டியோடும், ஒரு கிழவி வெறும் நகத்தோடும் ஏணிவண்டிக்கு வந்து வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக இருளப்பன் ஏறினார். மேலேயிருந்து மறுபடியும் வெள்ளை உதிர ஆரம்பித்தது.

போக வழி இல்லாத தாசில்தார் மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பழைய அறிக்கை தூளில் புதைந்துபோயிருந்தது. புதுத் தாள் ஒன்றை எடுத்து, விரிப்பைத் தட்டி, பேனாவைத் திறந்தார். அண்ணாந்து ஆறு பலூனையும் பார்த்தார், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"முதல்ல பேசினது யாரும்மா?"

"எல்லாருக்கும் மேல இருக்காளே, அவதான்," என்றாள் சங்கரேஸ்வரி. "குருவம்மான்னு எழுதுங்க. அவ சொன்னத அப்பிடியே எழுதுங்க. ஒண்ணும் சேர்க்காதீங்க, ஒண்ணும் குறைக்காதீங்க."

அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் அவள் பிளேடைக் கீழே வைக்கவில்லை.